தாப்பாவில் நிற்கட்டும் வண்டி

மலேசியாவின் கேமரன் மலைக்கு மோட்டார்ஹோமில் போகலாமா என்று கேட்பவர்களுக்குப் பொதுவாக இரண்டு வகையான ஆலோசனை கிடைக்கிறது. மழை மாதங்களில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்பது ஒன்று. அடுப்பும் படுக்கையும் கூடவே வருகின்றன, பிறகென்ன பயம், தேயிலைச் சரிவு ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்குங்கள் என்பது மற்றொன்று. இரண்டு பேரும் அந்த வண்டியை ஓடுகிற பொருளாக மட்டுமே பார்க்கிறார்கள். மழை பெய்யும் மலைநாட்டுக்கு மோட்டார்ஹோமைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை என்பது என் கட்சி. ஆனால் அதை மலைமேல் ஏற்றக் கூடாது. அடிவாரத்துத் தாப்பாவில் சமதரையாகப் பார்த்து நிறுத்திவிட்டு, ஆட்கள் மட்டும் சிறிய காரில் மேலே போய்வர வேண்டும். மற்ற வாகனங்களில் வருகிறவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது: மழை விடும்வரை காத்திருக்கலாம். அந்த வசதியைக் கொண்டுபோய் 60 கிலோமீட்டர் வளைவுகளில் தொலைப்பது ஏன் என்பதுதான் கேள்வி.

தாப்பா யாருடைய பயணப் பட்டியலிலும் முதலில் வரும் ஊர் இல்லை. பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்துத் தலைமை ஊர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, எண்ணெய் ஊற்றிக்கொண்டு, ரொட்டி சானாயும் தே தாரேயுமாகப் பசியாறிவிட்டு மலையைப் பார்த்துக் கிளம்பிவிடும் இடம். 59ஆம் எண் கூட்டரசுச் சாலை இங்கிருந்து மேலே போகிறது. 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்த மேட்டுநிலத்தைக் குறித்துவைத்துவிட்டுப் போனபிறகு, சுமார் நாற்பது ஆண்டுகள் அது காகிதத்தில்தான் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் தாப்பாவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கி, 1931 வாக்கில் மலைமேல் உள்ள தானா ராத்தா வரை போட்டு முடித்தார்கள். மேலே ‘போ’ (BOH) என்ற தேயிலைத் தோட்டம் 1929-லேயே தொடங்கிவிட்டது. மலாயாவின் பொதுப்பணித் துறைச் சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் கல்லுடைத்து மண் சுமந்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள் என்பதால், இத்தகைய சாலைகளை வெறும் காட்சியாகப் பார்த்துவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. கையாலும் மண்வெட்டியாலும் போட்ட சாலை, மலை விட்டுக்கொடுத்த இடத்தில் போகும். விட்டுக்கொடுக்காத இடத்தில் வளையும். அத்தனை வளைவுகள் வந்தது அப்படித்தான்.

மலேசியாவில் கோடை கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து மே மாத விடுமுறையில் வரும் உறவினர்களுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பேராக்கில் மழை இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது: ஏப்ரல்-மே, அப்புறம் அக்டோபர்-நவம்பர். நடுவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசினாலும், சுமத்ராவின் மலைகள் குறுக்கே நிற்பதால் மேற்குக் கரையில் மழை சற்றுக் குறைவு. அப்படியானால் ஜூலையில் தாராளமாக வண்டியோடு ஏறலாமே என்று ஒருவர் கேட்கலாம். சராசரிக் கணக்கைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. நடந்தவற்றைப் பார்த்தால் அவ்வளவு சரியில்லை. தாப்பாவுக்குச் சற்று வடக்கே, கம்பாரை ஒட்டிய போஸ் டிபாங்கில் ஆற்றோடு மண்ணும் மரமும் பாறையும் உருண்டுவந்து பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களின் கிராமத்தைப் புதைத்தது 1996 ஆகஸ்ட் 29 அன்று. 44 பேர் மாண்டார்கள். கேமரன் மலையில் சுங்கை ருயில் கிராமத்தின்மேல் சரிவு விழுந்து 7 பேர் இறந்தது 2011 ஆகஸ்ட் 7 அன்று. இரண்டும் ‘குறைவான மழை’ மாதத்தில் நடந்தவை. சராசரி குறைவாக இருக்கும் மாதத்தில் ஒரே ஒரு மாலை போதும். போதாக்குறைக்கு, ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் வரிசைகட்டி வரும் புயற்காற்று மழை ஒன்று உண்டு; அது வராத நாள்களில்தான் காலை வெளுக்கும்.

ஆகவே மாதத்தை நம்புவதைவிட நாளின் நேரத்தை நம்புவது நல்லது. அந்த நேரக்கணக்கை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் தேட வேண்டாம். பிடோர், சுங்காய், தாப்பா சாலை வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் அதை மூன்று தலைமுறையாகக் கடைப்பிடித்திருக்கிறார்கள். இருட்டோடு பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, விடியுமுன் மரம் வெட்டத் தொடங்குவது, வெயில் ஏறுவதற்குள் மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டா என்ற தோள்கழியில் தூக்கி வருவது. குளிர்ந்த நேரத்தில் பால் நன்றாக ஓடும் என்பது ஒரு காரணம். மழை பெரும்பாலும் மதியத்துக்குமேல் வரும் என்பது இன்னொன்று. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டின் வழியே இறங்காது. மரத்தண்டு முழுக்க வெள்ளையாகப் பரவி வழியும், மங்கில் மழைத்தண்ணீர்தான் நிற்கும். விடிகாலையிலேயே மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு மரம் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் காத்திருப்பு அவர்களுக்குப் பட்டினி. மோட்டார்ஹோம்காரருக்கோ அது காசு கொடுத்து வாங்கிய சௌகரியம். ஆனாலும் கணக்கு ஒன்றே: வெளுத்த காலையில் ஏறு, மதியத்துக்குள் வேலையை முடி, மழை பிடித்துவிட்டால் அசையாதே.

இந்தக் கணக்குக்குச் சிறிய கார் ஒத்துழைக்கும், மோட்டார்ஹோம் ஒத்துழைக்காது. காரணம் எடை. ஒரு வேனை வீடாக மாற்றும்போது அலமாரி, அடுப்பு, கூடுதல் பேட்டரி, கூரைமேல் குளிர்சாதனம் என்று எடை கூடுகிறது, அதிலும் பாதி உயரத்தில் போய் உட்காருகிறது. தண்ணீர்த் தொட்டியில் 100 லிட்டர் நிரப்பினால் 100 கிலோ. பாதி நிரப்பினால் ஒவ்வொரு வளைவிலும் அது பக்கவாட்டில் அலையும். தாப்பா கடல்மட்டத்தை ஒட்டிய ஊர், தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர். ஏறும்போது எஞ்சின் முனகுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆபத்து இறங்கும்போதுதான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். அதனால்தான் மலைச்சாலைகளில் ‘குனா கியர் ரெண்டா’, அதாவது கியரைக் குறைத்து இறங்கு, என்ற பலகையை வைக்கிறார்கள். ஈர இலையும் சேறும் படிந்த வளைவில், எதிரே காய்கறி லாரி, பின்னால் பொறுமையிழந்த கார் வரிசை, கண்ணாடியில் மூடுபனி. இந்த நிலையில் வண்டியை ஓரங்கட்டலாம் என்றாலும் பழைய சாலையில் அதற்கு அகலமான ஓரம் அடிக்கடி கிடைக்காது.

உடனே வரும் பதில் ஒன்று உண்டு: தாப்பா வழியை யார் போகச் சொன்னது, ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து அகலமான புதுச்சாலை இருக்கிறதே? இருக்கிறது. ஓட்டுவதற்கு அது சுலபம் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் சாலை அகலமாகவும் வளைவு குறைவாகவும் இருக்க வேண்டுமென்றால் மலையை அதிகமாக வெட்ட வேண்டும். வெட்டிய சரிவு உயரமாக நிற்கும். இயற்கையான சரிவில் வேர்கள் பிடித்திருந்த மண்ணை இனி கம்பியும் சிமெண்டும் வடிகாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாலையும் மண்சரிவால் மூடப்பட்டுத் திறக்கப்பட்ட வரலாறு உடையதுதான். பழைய சாலை ஓட்டுநரைச் சோதிக்கிறது, புதிய சாலை மலையைச் சோதிக்கிறது. மழைநாளில் இரண்டில் எது தேவலை என்று கேட்டால், அகலம் மட்டும் பாதுகாப்பு ஆகாது என்றுதான் சொல்ல முடியும். பிரேசர் மலையில் பழைய குறுகிய சாலைக்கு ஒற்றைப்படை மணியில் ஏறலாம், இரட்டைப்படை மணியில் இறங்கலாம் என்று ஒரு வாசல்முறை வைத்திருந்தார்கள். பிறகு அகலமான இன்னொரு சாலை போட்டார்கள். அது மண்சரிவால் மூடப்பட்டபோது மறுபடியும் அந்தப் பழைய வாசலில்தான் எல்லோரும் காத்து நின்றார்கள்.

ஓட்டுவதைவிடப் பெரிய விஷயம் எங்கே தூங்குவது என்பது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில், கெந்திங் மலைக்குப் போகும் வழியில் இருந்த முகாமிடத்தின்மேல் சரிவு விழுந்தது. கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக் காலம்; குழந்தைகளோடு வந்த குடும்பங்கள். அது விடுதி கட்டிய இடமல்ல, மலையடியில் பண்ணையோடு சேர்ந்த ஓர் அழகான புல்வெளி. மோட்டார்ஹோம்காரர்கள் தேடுவதும் இதைத்தானே: ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் பச்சைச் சரிவு, நடுவே சமதரை. மலைநாட்டில் அப்படிப்பட்ட சமதரை எப்படி உண்டானது என்று யோசிக்க வேண்டும். பல இடங்களில் அது முன்பு சரிந்துவந்த மண்ணோ, ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலோ, யாரோ சரிவை வெட்டி நிரவிய தளமோதான். தவிர, சரிவு விழுவது மழை கொட்டும் வேளையில்தான் என்றும் இல்லை. மண் நாள்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிருக்கும். மழை விட்டுவிட்டது என்று நிம்மதியாகப் படுத்த இரவிலும் அது இறங்கலாம்.

விடுதியில் தங்குகிறவனுக்கும் இதே ஆபத்து உண்டே, மோட்டார்ஹோமை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும் என்பது நியாயமான ஆட்சேபம்தான். கேமரன் மலையில் அடுக்குமாடிகள் நிற்கும் சில இடங்களைப் பார்த்தால் அந்த ஆட்சேபத்துக்கு வலு கூடவே செய்கிறது. இருந்தாலும் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. விடுதியின் இடத்தை ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். நல்லதோ கெட்டதோ, நகராண்மையும் பொறியாளரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பல மழைக்காலங்களை அந்தக் கட்டடம் பார்த்திருக்கும். மோட்டார்ஹோம் தன் இடத்தை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறது. அதுவும் எப்போது? மாலை ஆறரை மணிக்கு, ஓட்டுநர் களைத்து, பிள்ளைகள் பசியில் சிணுங்க, வெளிச்சம் மங்கும் நேரத்தில். தேர்ந்தெடுக்கும் அளவுகோலோ காட்சி. அங்கே மழை வலுத்தால் கிளம்பிவிடலாம் என்பார்கள். நள்ளிரவில், கனத்த வண்டியோடு, தெரியாத வளைவுகளில் இறங்குவது தப்பித்தல் ஆகாது; ஓர் ஆபத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது.

மலையடிவாரம் என்றால் பத்திரம் என்று நான் சொல்லவில்லை. போஸ் டிபாங் அடிவாரம்தான். கோல வோ, லாத்தா இஸ்கண்டார் என்று தாப்பாவிலிருந்து போகும் வழியிலேயே ஆற்றங்கரைகளும் அருவிகளும் இருக்கின்றன. பகலில் போய்க் குளித்துவிட்டு வரலாம், இரவில் அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது. இங்கே ஆற்றின் நடத்தையை அந்த ஊர் வானத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. பெர்த்தாம் ஆறும் தெலோம் ஆறும் இயல்பாகக் கிழக்கே பகாங் மாநிலத்துப் பக்கம் ஓட வேண்டியவை. 1960களில் அமைந்த மின்திட்டம் அந்தத் தண்ணீரை ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணையில் தேக்கி, மலைக்குள் குடைந்த சுரங்கங்களின் வழியே மேற்கே திருப்பிவிட்டது. ஜோரில் மலைக்குள் இருக்கும் சுல்தான் யூசோப் நிலையம், பிறகு வோ நிலையம் என்று படிப்படியாகச் சுழலிகளைச் சுற்றிவிட்டு, கடைசியில் தாப்பாவை ஒட்டி ஓடும் பத்தாங் பாடாங் ஆற்றில் அது கலக்கிறது. பகாங்கில் பெய்த மழை பேராக்கில் வந்து இறங்குகிறது. மலைமேல் காய்கறித் தோட்டங்களுக்காக வெட்டிய சரிவுகளிலிருந்து வழியும் மண், அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. தேக்க இடம் குறைந்தால் கனமழையில் திறந்துவிடத்தான் வேண்டும். 2013 அக்டோபர் 23 அன்று நள்ளிரவு தாண்டித் திறந்துவிட்ட தண்ணீர், அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளையும் வாகனங்களையும் உயிர்களையும் கொண்டுபோனது. ஆகையால் ‘அடிவாரம்’ என்று நான் சொல்வது ஆற்றுக்கும் சரிவுக்கும் எட்டாத நகரத்துச் சமதரையை. அது அழகாக இருக்காது. பக்கத்தில் பட்டறையும் எண்ணெய் நிலையமும் செம்பனைத் தோட்டமும் இருக்கலாம். அழகு பகலுக்குப் போதும்.

உண்மையிலேயே கனமான ஆட்சேபம் குளிரைப் பற்றியது. மனிதர்கள் கேமரன் மலைக்குப் போவது இரவில் போர்வை போர்த்தித் தூங்கத்தானே? தானா ராத்தாவின் இரவு தாப்பாவின் இரவைவிட எட்டு ஒன்பது டிகிரி குறைவு. தாப்பாவில் தகரக் கூண்டுக்குள் புழுங்க வேண்டும், கொசு வேறு. இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. மழை பெய்த மாலைக்குப் பிறகு அடிவாரத்து இரவும் தணிந்துவிடும், கூரைச் சாளரமும் வலையும் ஒரு மின்விசிறியும் சமாளிக்கும் என்பது பாதிப் பதில்தான். மறுபாதி, மலைமேல் மழையில் அடைபட்ட வண்டியின் உட்புறம் எப்படி இருக்கும் என்பது. நான்கு பேர் மூச்சு, அடுப்பின் ஆவி, ஈரத்துணி. கதவைத் திறந்தால் சாரல், மூடினால் கண்ணாடியெல்லாம் வியர்வை, விடிவதற்குள் மெத்தையின் அடிப்பக்கம் ஈரம். விளம்பரங்களில் வரும் குளிர்ச்சி வேறு, இது வேறு. குளிர் வேண்டும் என்பவர்கள் ஓரிரவு மேலே விடுதி எடுத்துத் தங்கட்டும். வண்டி கீழே இருக்கட்டும். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் லாவுட்டர்புருனன் பள்ளத்தாக்கில் மோட்டார்ஹோம்கள் கீழே முகாமிடங்களில் வரிசையாக நிற்கும். மேலே வெங்கன் என்ற ஊருக்குக் காரே போக முடியாது, ரயில்தான். அங்கேயும் கோடையில் மழை விடாது பெய்யும் வாரங்கள் உண்டு. அந்த வாரங்களில் வண்டிகள் நகர்வதில்லை. வெளுத்த காலையில் ஆட்கள் ரயிலேறுகிறார்கள். தமிழ்நாட்டில் உதகையிலும் கொடைக்கானலிலும் 2024 மே முதல் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்ததற்குக் காரணம் மழையல்ல, வாகன நெரிசல். ஆனாலும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு மலை எத்தனை சக்கரத்தைத் தாங்கும்?

தாப்பாவில் இருந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்கள், அந்தச் சாலையின் முதல் 20 கிலோமீட்டரை மெதுவாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒராங் அஸ்லிகளில் ஒரு பிரிவினரான செமாய் மக்களின் ஒட்டுக்கடைகள் அங்கேதான். மூங்கில் கழியில் கொத்துக் கொத்தாகப் பெத்தாய் தொங்கும். முறுக்கிவிட்ட நாடாபோல் நீண்ட பச்சைக் காய், உள்ளே கட்டைவிரல் நகம் அளவு விதைகள். ஒன்றைப் பிரித்தாலே வாடை வண்டி முழுக்கத் தங்கிவிடும், நெத்திலியும் சம்பாலும் போட்டு வதக்கினால் அந்த வாடையே பசியைக் கிளப்பும். நல்ல விளைச்சல் ஆண்டில் ஜூன் ஜூலையில் டுரியான், காட்டுத்தேன், மூங்கில் குருத்து. மழைநாளில் இவற்றை வாங்கிவந்து சமைத்துச் சாப்பிட ஓர் அடுப்பு வேண்டும். விடுதிக்காரனுக்கு அது இல்லை, மோட்டார்ஹோம்காரனுக்கு இருக்கிறது. மேலே போனால் அவன் வாங்குவது ஸ்ட்ராபெரியும் சாவிக்கொத்தும்.

குறை இருப்பது ஊரின் ஏற்பாட்டில். நெடுஞ்சாலையின் தாப்பா ஓய்வுப் பகுதியில் லாரிக்காரர்கள் கண்ணயர்வதைப்போல ஓரிரவு ஒதுங்கலாம், நாலைந்து நாள் காத்திருக்க முடியாது. தாப்பா சாலை ரயில் நிலையத்திலிருந்து தெலுக் இந்தானுக்கு, அதாவது பழைய தெலுக் ஆன்சனுக்கு, 1893-ல் ஒரு கிளைப்பாதை போட்டார்கள். 1980களின் இறுதியில் அது நின்றுபோனது. அந்த வட்டாரம் மலையிலிருந்து தள்ளிய சமநிலம். ஈடிஎஸ் என்ற மின்ரயில் இன்றும் தாப்பா சாலையில் நிற்பதால், ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வரும் உறவினர்களும் அங்கேயே வந்து சேர்ந்துகொள்ளலாம். இருபது வண்டி நிற்க ஒரு திடல், குடிநீர்க் குழாய், மலைக்குப் போய்வர விடிகாலை ஒரு வேன் என்று மாவட்ட மன்றம் ஏற்பாடு செய்தால் பெரிய செலவு ஆகாது. அவற்றுக்கெல்லாம் முன்னால் வேண்டியது கழிவுநீரை இறக்க முறையான ஒரு தொட்டி. இன்றைக்கு மேலே போகும் வண்டிகள் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் கழிப்பறைப் பெட்டியையும் எங்கே கொட்டுகின்றன என்று யாரும் கேட்பதில்லை. சாலையோர ஓடையில் கொட்டினால் அது பெர்த்தாமில் சேர்ந்து, அணையில் தேங்கி, சுரங்கத்தில் இறங்கி, இரண்டு மின்நிலையங்களைத் தாண்டித் தாப்பாவுக்கே வந்துவிடும்.